குழம்புச் சட்டிக்குத் தப்பிய விரால்

மீனை ஜலத்தைவிட்டு வெளியே எடுத்தால் சிறிது நேரம் துடிக்கும், பிறகு செத்துப்போகும். இதுதான் நாம் அறிந்த சமாசாரம். ஆனால் விரால் இந்த விதிக்கு அடங்காத பிரகிருதி. நமது சந்தைகளில் மற்ற மீன்களெல்லாம் உயிரற்றுக் கிடக்க, விரால் மாத்திரம் அண்டாவில் கொஞ்சம் ஜலத்தில் பாம்புபோல் நெளிந்துகொண்டிருக்கும். ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனாலும் வீடு சேரும்வரை உயிரை விடாது.

இதன் ரகசியம் என்னவென்றால், விராலின் தலையில் செவுளுக்கு மேலே காற்றுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மேலே வரவொட்டாமல் தடுத்துவிட்டால், ஜலத்துக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்துபோகும். மீன் ஜலத்தில் மூழ்கிச் சாவது வேடிக்கைதான் அல்லவா?

காற்றைச் சுவாசிக்கும் மற்றொரு மீன் பனையேறி. தரங்கம்பாடி டேனிஷ்காரர் வசம் இருந்த காலத்தில், டால்டார்ப் என்ற டேனிஷ் உத்தியோகஸ்தர், இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைத் தாம் கண்டதாக எழுதினார். அது 1797-ஆம் வருஷத்தில் லண்டனில் அச்சாயிற்று. மரம் ஏறிய கதையைப் பின்னால் வந்த விஞ்ஞானிகள் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் அது நகர்ந்து செல்வது மெய்தான். வங்காளத்தில் இதைக் 'கொய்' என்று சொல்லி, உயிரோடு வாங்கிப்போய்ச் சமைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பாறைக் குறவை என்று ஒரு சிறிய ஜாதி உண்டு. விராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். முட்டைகளை ஆண்மீன் தன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். இந்தப் பொறுப்புள்ள தகப்பனைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இராது? வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் உள்ளூர்ச் சந்தைக்குச் சாப்பாட்டுக்காக வரும் குறவை ஜாதிகளில் சில, கடல் கடந்து போனால் அலங்கார மீனாகிப் பெரிய விலை பெறுகின்றன.

ஆனால் இந்த ஆசையில் ஓர் அபாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலண்டு மாகாணத்தைச் சேர்ந்த ஒருவர், நோயுற்ற சகோதரிக்கு ரசம் வைப்பதற்காக நியூயார்க் சந்தையிலிருந்து சீனத்து விரால் இரண்டை உயிரோடு தருவித்தார். மீன் வருவதற்குள் சகோதரி குணமடைந்துவிட்டாள். ஆகவே மீன்களைத் தொட்டியில் வளர்த்தார். அவை வளர்ந்தன, தீனியும் வளர்ந்தது. கட்டுப்படியாகாமல், கிராப்டன் என்ற ஊரில் ஒரு குளத்தில் கொண்டுபோய் விட்டார். 2002-ஆம் வருஷத்தில் அங்கே விரால் அகப்பட்டதும் தேசமே அல்லோலகல்லோலப்பட்டது. சர்க்கார் குளத்தில் மருந்து கலந்து பார்த்தபோது, 6 பெரிய மீன்களும் 1,000-க்கு மேற்பட்ட குஞ்சுகளும் செத்து மிதந்தன! அதே வருஷத்தில் விரால் ஜாதி முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது.

"அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் போடிமெட்டுக்கு ஏறிப் பாருங்கள். அந்த முகடு ஏலக்காய்த் தோட்டங்களின் எல்லை மாத்திரமல்ல, தண்ணீருக்கும் எல்லை. கிழக்கே விழும் மழை கொட்டகுடி ஆறாகிப் போடியைக் கடந்து, முடிவில் வைகையைச் சேருகிறது. மேற்கே விழும் மழை பெரியாற்றின் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. பெரியாற்றின் மேற்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அங்கே உண்டு. அவற்றில் ஒரு கெண்டையை விஞ்ஞானிகள் 1941-ல்தான் உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். இப்போது அது அருகிவரும் இனங்களில் ஒன்று.

முல்லைப் பெரியாறு அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் 1895-ல் முடிந்து, மேற்கின் ஜலம் கிழக்கே வந்தது. பாண்டி நாடு பசுமையாயிற்று. ஆனால் இயற்கை கட்டிவைத்த சுவரில் ஒரு வாசலும் திறந்துவிட்டது. அந்தப் பெரியாற்று ஏரியிலேயே வெளிநாட்டுத் திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புகுந்துவிட்டன. இந்தக் கெளுத்தியும் காற்றைச் சுவாசிக்கும் ஜாதிதான். அதை வளர்க்கக்கூடாதென்று நம் சர்க்கார் தடுத்திருக்கிறது. சந்தை அண்டாவில் உயிரைக் காக்கும் அதே சாமர்த்தியம், புது இடத்தில் அதை வெல்ல முடியாத சத்துருவாக்கிவிடுகிறது.

மீன் வளர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைகளுக்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை. தொட்டிக்கு நல்ல மூடி போடுங்கள்; குறவை துள்ளிக் குதிக்கும். மூடிக்கும் ஜலத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுங்கள். வளர்த்து அலுத்துப் போனால், ஆசையுள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் குழம்பு வைத்தாலும் பாதகமில்லை. ஜீவகாருண்யம் என்று நினைத்து ஆற்றில் கொண்டுபோய் விடுவதுதான் பாதகம்.