புற்றுநோய் மூலிகை பயிரிடலாமா? நீலகிரி சொல்லும் பாடம்

வெலிங்டன் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் விவசாயி ஒருவர், ஒரு செடியை வேரோடு பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். “சார், இது புற்றுநோயைக் குணப்படுத்துமாம். நாற்றும் கொடுத்து, விளைந்ததையும் அவர்களே வாங்கிக்கொள்வார்களாம். தேயிலையைப் பிடுங்கிவிட்டு இதைப் போடலாமா?” என்றார். பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாத நேரத்தில் இப்படிக் கேட்பதில் தவறில்லை. போகும்போது இன்னொன்றும் சொன்னார். மார்பில் கட்டி வந்த அவருடைய அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இதே செடியின் கஷாயத்தை மூன்று மாதமாகக் குடித்து வருகிறாராம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செடியிலிருந்து வந்த மருந்துகள்

செடிகளில் புற்றுநோய் மருந்து இருப்பது உண்மை. நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டிலும் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரு மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கிய மருந்து. நாட்டு வைத்தியத்தில் நித்யகல்யாணியைச் சர்க்கரை நோய்க்குத்தான் கொடுத்தார்கள். 1950களில் கனடாவில் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை; ரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததே புற்றுநோய் மருந்து.

நீலகிரி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் நோத்தாபோடைட்ஸ் என்ற சிறு மரம் இருக்கிறது. பூ நாற்றமடிப்பதால் கன்னடத்தில் இதற்குத் துர்வாசனை மரம் என்றே பெயர். 1966இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வால், வானி இருவரும் ஒரு சீன மரத்தில் கண்டறிந்த கேம்ப்டோதெசின் என்ற பொருள் நம் மரத்திலும் இருப்பதை 1972இல் வெளியிட்டவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர்.

ஆனால் கேம்ப்டோதெசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பக்கவிளைவுகள் கடுமையாக இருந்ததால், 1970களில் சோதனையை நிறுத்தினார்கள். அதன் மூலக்கூறை மாற்றியமைத்து உருவாக்கிய டோபோடெக்கான், இரினோடெக்கான் ஆகியவை 1996இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மரத்திலிருந்து மருந்துக்கு வர 30 ஆண்டுகள் ஆயின. அந்த மரத்தின் பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் உடம்பில் சேர்வது மருந்தல்ல, அளவு தெரியாத நஞ்சு.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி ஆய்வாளர்கள், நீலகிரியில் மஞ்சளாகப் பூக்கும் ஹைபெரிக்கம் இனச் செடிகளின் சாறு புற்றுநோய்ச் செல்களைத் தாக்குவதை 2003இல் வெளியிட்டனர். இது நல்ல தொடக்கம். ஆனால் தட்டில் வளர்க்கும் செல்லைச் சோப்புக் கரைசலும் கொல்லும். நல்ல செல்லை விட்டுவிட்டு நோய்ச் செல்லை மட்டும் கொல்கிறதா, எந்த அளவில், மனித உடம்பில் என்ன செய்கிறது என்பதெல்லாம் அதன் பிறகு வரும் படிகள். பெரும்பாலான செடிகள் இடையிலேயே நின்றுவிடுகின்றன. ‘புற்றுநோயை எதிர்க்கும் செடி’ என்ற செய்தியைப் படித்தால், அது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

விவசாயி கவனிக்க வேண்டியவை

மருந்துப் பயிர் இந்த மலைக்குப் புதிதல்ல. 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மலேரியாவுக்காகச் சின்கோனா நட்டார்கள். நடுவட்டத்திலேயே குயினைன் ஆலையும் இருந்ததால் பட்டைக்கு வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தார். பின்னாளில் செயற்கை மருந்துகள் வந்ததும் சின்கோனாவின் மவுசு போய்விட்டது. ஆலை இல்லாமல் மருந்துப் பயிர் இல்லை. ஆலை இருந்தாலும் சந்தை நிரந்தரமில்லை.

நித்யகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். மானாவாரியில் எக்டருக்குச் சுமார் 2 டன் உலர் இலையும் முக்கால் டன் உலர் வேரும் கிடைக்கும். நேரடி விதைப்புக்கு எக்டருக்கு 2.5 கிலோ விதை போதும். வறட்சியைத் தாங்கும் இந்தப் பயிர் திருநெல்வேலி, ராமநாதபுரம் போன்ற சமவெளிக்கு ஏற்றது. உறைபனி விழும் நம் மலைக்கு ஆகாது.

நோத்தாபோடைட்ஸ் மரத்தில் சத்து அதிகம் இருப்பது வேரிலும் தண்டிலும். அதனால் பல இடங்களில் வேரோடு வெட்டி விற்று அதை அரிதாக்கிவிட்டார்கள். காப்புக்காட்டில் பட்டை, வேர் எடுப்பது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். மேலும், மரத்துக்கு மரம் சத்தின் அளவு மாறுகிறது. பரிசோதிக்காத நாற்றை நட்டுப் பல ஆண்டு காத்திருந்த பிறகு, சத்துக் குறைவு என்று சரக்கைத் தள்ளினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆகவே, நாற்று விற்க வருபவரிடம் கேளுங்கள்: செடியின் தாவரவியல் பெயர் என்ன? எந்தப் பாகத்தை வாங்குவீர்கள்? சத்து அளவை யார், எங்கே சோதிப்பார்கள்? விலையை எழுத்தில் தருவீர்களா? பதில் இல்லையென்றால் நாற்று வாங்க வேண்டாம். பதில் இருந்தாலும் வேலியோரம் நாலு சென்ட்டில் போட்டுப் பாருங்கள். தேயிலையில் கை வைக்க வேண்டாம். தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் செடியைக் காட்டி, அது என்னவென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த விவசாயியிடம் தேயிலையைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள் என்றேன். அடுத்த வாரமே அழைத்துப் போனார். சிகிச்சை தொடங்கிவிட்டது. அந்த மூன்று மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் வைத்தியம் இன்னும் எளிதாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கட்டி, ஆறாத புண், காரணமில்லாத ரத்தப்போக்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால், செடியைத் தேடிப் போக வேண்டாம்; டாக்டரிடம் அனுப்புங்கள்.