மண்ணுக்குள் உறங்கும் பூக்கள்



மாரி தொடங்கியதும் உருத்திரபுரத்தில் எங்கள் வேலியோரம் கார்த்திகைப் பூக்கொடி தலைநீட்டும். இலை நுனியைச் சுருட்டி வேலியைப் பற்றிக்கொண்டு ஏறும். அதை நாங்கள் நட்டதில்லை. கோடை முழுவதும் நிலத்துக்குள் கிடந்த கிழங்கு, மழை கண்டதும் எழும்புகிறது.

தை மாதம் ரொறன்ரோவிலிருந்து அக்கா கைபேசியில் தன் வளவைக் காட்டினார். எங்கும் வெண்பனி.

"என்னக்கா, ஒரு பச்சையும் இல்லையே?"

"எல்லாம் அடியில கிடக்கடி. மே மாசம் பார்."

அங்கே பூச்செடிகள் இரண்டு வகையாம். பெற்றூனியா போன்றவை ஒரு பருவத்துக்கு மட்டும் பூத்து, உறைபனி விழுந்ததும் அழிந்துவிடும். பியோனி, ஐரிஸ் போன்றவை பல்லாண்டுச் செடிகள். மேலே தண்டு கருகினாலும் வேர் சாகாது. பியோனி ஐம்பது ஆண்டுக்கு மேலும் பூக்குமாம். ரியூலிப் கிழங்கை ஒக்ரோபரில் அரை அடி ஆழத்தில் புதைப்பார்கள். பல கிழமைகள் குளிர்பட்டால்தான் அது பூக்கும்.

அந்த ரியூலிப்புக்கும் போருக்கும் ஒரு தொடர்பு உண்டு. முன்பு யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் நாட்டை 1940இல் ஜேர்மனி பிடித்தது. இளவரசி ஜூலியானா தன் பிள்ளைகளோடு கனடாவின் ஒட்டாவா நகரில் அடைக்கலம் புகுந்தார். 1943 தையில் அங்கேயே இன்னொரு மகளைப் பெற்றார். ஊரில் இருந்த சனங்களோ 1944-45 பஞ்சத்தில் ரியூலிப் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். போர் முடிந்த 1945இல் ஒல்லாந்து, நன்றியாக 100,000 கிழங்குகளை ஒட்டாவாவுக்கு அனுப்பியது. இன்றும் ஆண்டுதோறும் அனுப்புகிறது.

நாங்கள் 2008இல் இடம்பெயர்ந்து 2010இல் திரும்பினோம். அம்மா திரும்பவில்லை. வீடிருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. அதன் வெடிப்பில் நித்தியகல்யாணி பூத்திருந்தது. கிணற்றடியில் அம்மாவின் செவ்வரத்தை கருகிய அடிக்கட்டையாக நின்றது. பிடுங்கிவிட நினைத்தேன், கை வரவில்லை. அந்த மாரியில் அது துளிர்த்தது.

அக்காவும் சாடியில் ஒரு செவ்வரத்தை வளர்க்கிறார். குளிர் தொடங்க முன்னர் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடுவார். கடையில் வாங்கியதுதான். என்றாலும் முதற்பூ அம்மாவின் படத்துக்கு.

எங்கள் கோடையைத் தாங்க செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா, காகிதப்பூ, நித்தியகல்யாணி நல்லவை. மாரித் தொடக்கத்தில் பென்சில் தடிப்பான செவ்வரத்தைத் தடியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி நிழலில் ஊன்றுங்கள். கோடையில் சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அடியில் சருகும் தும்பும் பரப்பி, அரிசி கழுவிய தண்ணீரை விட்டாலே போதும். முற்றத்து நிறத்துக்குக் காசித்தும்பை, கோழிக்கொண்டை விதைகளை மழையோடு தூவலாம். அவை காய்ந்ததும் விதையை எடுத்துப் போத்தலில் வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கார்த்திகைக் கிழங்கும் அலரியும் கடும் நஞ்சு. சிறுபிள்ளைகளும் ஆடுமாடும் எட்டாத இடத்தில்தான் அவை நிற்க வேண்டும்.

உங்கள் வளவிலும் பட்டுப்போனதென்று நினைக்கும் அடிக்கட்டை ஏதும் நிற்கலாம். அதைப் பிடுங்க முன்னர் ஒரு மாரி பொறுத்துப் பாருங்கள்.