முகக்கவசம் காக்குமா?



மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, நடமாட முடியாத முதியோரின் வீடுகளுக்கு நாம் நற்கருணை கொண்டுசெல்வது உங்களுக்குத் தெரியும். சென்ற முறை நமக்குச் சளியும் இருமலும். ஆகவே முகக்கவசம் அணிந்தே புறப்பட்டோம். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, "சாமி, அதுல ஒரு பிரயோசனமும் இல்லைன்னு ஆராய்ச்சியிலேயே சொல்லிட்டாங்களே" என்றார். உள்ளே எண்பது வயதைக் கடந்த அவருடைய பாட்டி, இளைப்பு நோயோடு, நன்மை வாங்கக் காத்திருந்தார். வாசலில் நின்று விவாதிக்க அது நேரமல்ல. அவருக்குத் தர வேண்டிய பதிலை இன்று சொல்கிறோம்.

அவர் சொன்னது முழுப் பொய்யல்ல. காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு, பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பொதுமக்கள் முகக்கவசம் அணிந்ததால் தொற்று பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது அது. "முகக்கவசம் வீண்" என்று உலகெங்கும் செய்தி பரவியது. மார்ச் மாதத்தில் அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே முன்வந்து, அப்படிப் பொருள்கொள்வது தவறு, முடிவு உறுதியாகக் கிடைக்கவில்லை என்பதே சரி என்று விளக்க வேண்டியதாயிற்று.

இங்கே இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. ஊருக்கெல்லாம் "அணியுங்கள்" என்று சொன்னால் நோய் குறையுமா என்பது ஒன்று. ஒழுங்காக அணிந்தவரிடமிருந்து கிருமி பரவுவது குறையுமா என்பது மற்றொன்று. 2020-இல் நம் மாநிலத்தில் 200 ரூபாய் அபராதம் வந்தபோது, அதைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தவர்களை நாம் மறக்கவில்லை. (நம் பீடச் சிறுவர்களும் அதில் அடக்கம்.) தாடை இருமுவதில்லையே!

வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரிடையே ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் முகக்கவசத்தை இலவசமாகக் கொடுத்து, அருகிருந்து நினைவூட்டினார்கள். சரியாக அணிந்தோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்ந்தார்கள். அறிகுறியோடு உறுதியான கொரோனா தொற்று ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தது. மருத்துவ முகக்கவசம் கொடுத்த ஊர்களில், அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் 35 விழுக்காடு குறைந்தது. துணிக் கவசத்தால் தெளிவான பலன் தெரியவில்லை. இந்தக் கணக்கையும் குறைசொல்லும் புள்ளியியல் அறிஞர்கள் உண்டு.

"கிருமி சிறியது, துவாரம் பெரியது, கொசுவலையில் கடுகு நுழைவதுபோல் நுழைந்துவிடும்" என்கிறார்கள். கிருமி தனியாகப் பறப்பதில்லை. எச்சில் துளிகளோடும் மூச்சின் நுண்திவலைகளோடும்தான் வருகிறது. மருத்துவ முகக்கவசத்தின் நடு அடுக்கு வலை போன்றதுமல்ல. குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிய நுண்ணிழைகள், அவற்றில் மின்னூட்டமும் உண்டு. திவலைகள் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை நேர்கோட்டில் போகாமல் அலைவதால் இன்னும் எளிதில் சிக்குகின்றன. சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். கன்னத்தின் ஓரம் இடைவெளி இருந்தால் காற்று அவ்வழியே போய்விடும். என்95 வகை முகத்தோடு இறுகப் பொருந்துவதால்தான் மற்றவற்றைவிடச் சிறந்தது.

அந்தப் பாட்டிக்குக் காது மந்தம். வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர். "முகத்தைக் காட்டுங்க சாமி" என்றார். முகக்கவசத்தால் இப்படி இழப்பதும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனாலும் நாம் அதைக் கழற்றவில்லை. சன்னலைத் திறக்கச் சொல்லி, சத்தமாகச் செபித்தோம். பேரன்தான் ஒவ்வொரு வரியாக அவர் காதில் சொன்னார்.

அடுத்த முதல் வெள்ளிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இருமல் நிற்காவிட்டால் அப்படியே வருவோம். அன்று உங்கள் வீட்டில் யாருக்கேனும் சளி இருந்தால், அவர்களுக்கும் ஒன்று கொண்டுவருவோம்.