கணக்கு மென்பொருளும் சங்கத்தின் ஒப்பந்தமும்

சங்கம் நூலும் கூலியும் கொடுத்து நெய்வித்த சேலை சங்கத்துக்கே சொந்தம். ஆனால், வெளி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து எழுதுவித்த கணக்கு மென்பொருள் அவ்வாறன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாறான ஒப்பந்தம் இல்லையேல், அதன் உரிமை அந்நிறுவனத்திடமே நிற்கும். உரிமை மாற்றம் எழுத்து மூலமாகக் கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும்.

ஆகவே, நிர்வாகிகள் ஒப்பந்தத்தில் மூன்று ஷரத்துக்களைச் சேர்த்தல் அவசியம்.

முதலாவது, மென்பொருளின் மூலப் பிரதியும், அங்கத்தினரின் பங்கு, கடன், சேமிப்பு விவரங்களும், கேட்டபொழுது, பிற கணிப்பொறியிலும் படிக்கத்தக்க வடிவில் தரப்படல் வேண்டும்.

இரண்டாவது, தொகையை ஒருங்கே அளியாது, வேலையைச் சோதித்த பின்னரே தவணைகளாக அளித்தல் வேண்டும்.

மூன்றாவது, தாமதத்துக்கான நஷ்ட ஈட்டைக் குறித்தல் வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும். ஆதலால் அதனை மிகக் குறைத்து எழுதலாகாது.

நிறுவனம் மூடப்பட்டாலும், மறுநாள் வந்து கேட்கும் நெசவாளருக்கும் விவசாயிக்கும் அவர்தம் பாக்கியைச் சங்கம் சொல்ல இயல வேண்டும். அதற்கு வழி செய்யாத ஒப்பந்தம், எத்துணை மலிவாயினும், நஷ்டமேயாகும்.