‘ஆயிரம்’னா முடிஞ்சது, ‘ஆயிரத்து’ன்னா பாக்கி இருக்கு!

போன வருஷம் ஒரு நல்ல வாடகை வீட்டை நான் கோட்டை விட்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அட்வான்ஸ் 65,000 ரூபாய். ஓனர் பெரியவர், “ஆன்லைன் எல்லாம் வேண்டாம் தம்பி, செக்கா குடுத்துடுங்க”ன்னு சொல்லிட்டார். எண்ணில் 65,000 என்று சரியாகத்தான் போட்டேன். எழுத்தில், அவசரத்தில், ஐம்பத்தாறாயிரம் என்று எழுதிவிட்டேன். ஆபீஸ் பார்க்கிங்கில் பைக் சீட் மேல வைத்து எழுதினது! செக் திரும்பி வந்தது. ரிட்டர்ன் சார்ஜ், அதுக்கு மேல ஜிஎஸ்டி. அதைக்கூட விடுங்க, நான் புது செக் எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள வீடு வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு. என் மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் இருந்த வீடு. இன்னிக்கும் அவள் வேனில் முக்கால் மணி நேரம் போறா.

அந்த மகள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பொங்கல் லீவுக்கு கானாடுகாத்தானில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியப்பா வங்கியில் கேஷியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மூணாங்கிளாஸ் ஹோம்வொர்க்கில் ‘தொள்ளாயிரம்’ என்பதை எண்ணில் எழுதச் சொல்லியிருந்தது. அவள் 9,000 என்று எழுதினாள். பெரியப்பா எட்டிப் பார்த்துட்டு, “ஆத்தா, ஐயாவுக்கு எட்டாயிரத்து நூறு ரூபா நட்டம் பண்ணிட்டியே!” என்று சிரித்தார்.

ஆனால் அவள் எழுதினதில் ஒரு நியாயம் இருக்கு. வார்த்தையில் ‘ஆயிரம்’ இருக்கே? தமிழில் ஒன்பது மட்டும் எப்பவும் பக்கத்து வீட்டுப் பெயரைக் கடன் வாங்கும். 9-ல் ‘பது’, 90-ல் ‘நூறு’, 900-ல் ‘ஆயிரம்’. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். இதை யாராவது ஒரு தடவை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறக்காது. நமக்கு யாரும் சொல்லலை, மனப்பாடம் பண்ணிட்டோம், அவ்வளவுதான்.

அப்புறம் பெரியப்பா சொன்ன விஷயம்தான் எனக்கு உறைத்தது. ‘ஆயிரம்’ என்று சொன்னால் எண் முடிந்துவிட்டது. ‘ஆயிரத்து’ என்று சொன்னால் இன்னும் ஏதோ வரப்போகுது. நூறு, நூற்று. இருபது, இருபத்து. லட்சம், லட்சத்து. 1,25,450-ஐ எழுதிப் பாருங்க: ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து நானூற்று ஐம்பது. கடைசி வார்த்தையைத் தவிர எதுவுமே மூடிய வார்த்தை இல்லை.

இதில் பாதுகாப்பும் இருக்கு. ஆங்கிலத்தில் ‘ஃபைவ் தவுசண்ட்’ என்று எழுதிவிட்டு ‘ஒன்லி’ போடலைன்னா, பின்னால் யாராவது ‘ஃபைவ் ஹண்ட்ரட்’ சேர்த்துடலாம். தமிழில் ‘ஐயாயிரம்’ என்று எழுதினால் பின்னால் சேர்க்கணும்னா அந்த ‘ம்’-ஐ அடித்துத் திருத்தணும், திருத்தினால் தெரிஞ்சுடும். முன்னால் மட்டும்தான் ஆபத்து: இடம் விட்டிருந்தால் ‘இருபத்து’ என்று நுழைத்துடலாம். அதனால் இடது ஓரத்தை ஒட்டியே ஆரம்பிங்க. செக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதணும்னு கிடையாது; தமிழ்நாட்டில் தமிழிலும் எழுதலாம்.

சட்டமும் எழுத்துப் பக்கம்தான். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும் என்கிறது. நடைமுறையில் வங்கிகள் ரிஸ்க் எடுக்காது. வேறுபாடு இருந்தால் திருப்பி அனுப்பிடும். திருத்தின செக்கும் இப்ப செல்லாது. தொகையில் தப்பு வந்தால் கிழிச்சுட்டு வேற எழுதணும்.

என் செக் கதையைக் கேட்டதும் பெரியப்பா கேட்டார்: “65-க்கும் 56-க்கும் வித்தியாசம் என்னப்பா?” 9,000 என்றேன். “ஒன்பதால வகு.” மீதியில்லாமல் போனது. இரண்டு பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்பவும் ஒன்பதால் வகுபடும். 81-க்கும் 18-க்கும் 63. 540-க்கும் 450-க்கும் 90. சாயங்காலம் கேஷ் டேலி ஆகலைன்னா கேஷியர்கள் முதலில் பார்ப்பது இதைத்தானாம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் மாறியிருக்கான்னு தேடணும். இரட்டைப்படையாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேடணும், வரவில் வைக்க வேண்டியதை யாரோ பற்றில் எழுதியிருக்கலாம். என் மகளின் 8,100 கூட ஒன்பதால் வகுபடும், பாருங்க!

கானாடுகாத்தானில் இது ஆச்சரியமில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் 1912-ஆம் ஆண்டு அரண்மனையைப் பார்க்க வருகிறவர்கள் தேக்கையும் கண்ணாடியையும் பார்த்துட்டுப் போயிடறாங்க. அந்த வீடுகளைக் கட்டின பணம் பர்மா, மலேயா, இலங்கையிலிருந்து வட்டிக் கணக்கில் வந்தது. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல், நகரத்தார் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் அவன் படிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வளர விடுவார்கள், 10, 12 வயதில் கணக்கும் தொழிலும் பழகத் தொடங்குவான் என்று சொல்கிறது. நாம இப்பப் பேசுகிற ‘சில்ட்ரன்ஸ் எஜுகேஷன் ஃபண்ட்’ வேறென்ன? (பெண் பிள்ளைகளுக்கு ஒதுக்கினதாக அதில் இல்லை. என் மகள் கேட்டால் என்ன சொல்வதுன்னு தெரியலை.)

அந்தக் காலத்துப் பையன்கள் எண்சுவடியை உரக்கச் சொல்லிப் பழகினாங்க. அதில் முழு எண்ணைவிட பின்னம்தான் பெரிய வேலை. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு, காணி 80-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது 16-ல் ஒன்று. பெயரே கூட்டல் கணக்கு! காலில் அரை, அரைக்கால். ரூபாய்க்கு 16 அணா இருந்த வரைக்கும் ஒரு அணா என்பது மாகாணி ரூபாய். 1957 ஏப்ரலில் நூறு நயா பைசா வந்ததும் இந்த வார்த்தைகளுக்கு வேலை போயிடுச்சு.

போகாமல் மிச்சமிருப்பது வட்டிப் பேச்சு. ‘ஒரு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம். ‘ரெண்டு வட்டி’ 24. பன்னிரண்டு அணா, அதாவது முக்கால் வட்டி என்றால் 9. இந்தக் கணக்கில் தேர்ந்தவர்களை நான் ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். 1930-களின் மந்தத்தில் கடன் கட்ட முடியாத பர்மா விவசாயிகளின் நிலம் கைமாறி, 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. வாங்குகிறவனுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கணும்.

எனக்குத் தெரியலை. என் கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் பாக்கியை அப்படியே உருட்டிக்கிட்டு இருந்தேன். “மாசம் 3.5 சதவீதம்தான் பெரியப்பா” என்றேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டு, “ஆத்தா, 3.5-ஐ எழுத்தால எழுது” என்றார். அவள் ‘மூன்றரை’ என்று எழுதினாள். “மூன்றரை வட்டி! எங்க ஊர்ல இந்த வட்டிக்கு யார்கிட்டயாவது கை நீட்டுவியா நீ?”

மூன்றரை வட்டி, வருஷத்துக்கு 42. மாசம் 1,400 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 1,652. ஸ்டேட்மென்ட்டில் எண்ணாகப் பார்த்தப்ப வராத பயம் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்ததும் வந்தது. ஊருக்குத் திரும்பின வாரமே ஒரு சின்ன ஆர்டியை உடைச்சு கார்டு பாக்கியை அடைச்சேன்.

இப்ப வீட்டில் ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். மாசம் முதல் தேதி வாடகை, ஸ்கூல் வேன், மளிகை, இஎம்ஐ நாலையும் நான் எண்ணில் சொல்லுவேன், அவள் ஒரு நோட்டில் எழுத்தால் எழுதுவாள். பணம் அனுப்பும்போது பல வங்கி ஆப்களில் தொகைக்குக் கீழே எழுத்திலும் காட்டும் இல்லையா, அதை அவள் சத்தமாகப் படித்து நோட்டோடு ஒப்பிட்டுச் சரி என்று சொன்ன பிறகுதான் நான் பின் நம்பர் போடுவேன். போன மாசம் வேன் ஃபீஸ் 1,850-க்குப் பதிலாக 1,580 என்று அடிச்சுட்டேன். அவள் நிறுத்தினாள். வித்தியாசம் 270-ன்னு சொல்லிட்டு, விரல் விட்டு ஒன்பதால் வகுக்க ஆரம்பிச்சா.