'நல்லா இருக்கு'ன்னு சொன்னா நம்பலாமா? ஷியாட்சு தெரபிஸ்ட்கள் ஏன் ஒருவர் மேல் ஒருவர் பழக வேண்டும்?

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஒருவருக்குக் கழுத்து பிடித்திருக்கிறது. அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி போய் வரும் இன்னொருவருக்கு இடுப்பு. இரண்டு பேரும் ஓசூரில் ஒரு ஸ்பாவுக்குப் போகிறார்கள். மெனு கார்டில் 'ஷியாட்சு' என்று இருக்கிறது. ஒரு மணி நேரம் முடிகிறது. "எப்படி சார் இருந்துச்சு?" என்று தெரபிஸ்ட் கேட்கிறார். "நல்லா இருந்துச்சும்மா" என்று பதில் வருகிறது.

பிரச்சினையே இந்தப் பதில்தான். இதை வைத்துக்கொண்டு அந்த தெரபிஸ்ட்டால் ஒன்றுமே கற்றுக்கொள்ள முடியாது.

முதலில், ஷியாட்சு என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். எண்ணெய் கிடையாது, ஆடை களைய வேண்டியதில்லை. தரையில் மெத்தை விரித்துப் படுக்க வைத்து, கட்டைவிரல், உள்ளங்கை, சில சமயம் முழங்கை, முழங்காலால் அழுத்துவார்கள். நம்ம ஊரில் 'நீவி விடுறது' என்போமே, அது வேறு. இதில் விரல் வழுக்கிக்கொண்டு போகாது. ஓர் இடத்தில் நேர் செங்குத்தாக இறங்கி, சில விநாடி நின்று, மெதுவாக மேலே வரும்.

இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நமிகோஷி டொகுஜிரோ (1905–2000). சிறுவனாக இருந்தபோது, மூட்டுவலியில் தவித்த அம்மாவுக்கு அமுக்கிவிட்டே இதைக் கண்டுபிடித்தார் என்பது அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 1940-இல் டோக்கியோவில் இதற்கென்று பள்ளியே தொடங்கினார். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அம்மாதான். பெற்ற பிள்ளையிடம் மரியாதைக்காக 'நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லையே!

வாடிக்கையாளர் ஏன் நல்ல வாத்தியார் இல்லை?

காசு கொடுத்து வருபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் கூச்சப்பட்டு, வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். இன்னொருவர், வலித்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறது என்று நினைத்து "இன்னும் பலமா" என்பார். எந்த விநாடியில், எந்த இடத்தில், எது சரியில்லை என்பதை இருவருமே சொல்ல மாட்டார்கள். சொல்ல அவர்களிடம் வார்த்தையும் இல்லை.

சக தெரபிஸ்ட் படுத்தால் கதை வேறு. "உன் எடை எம்மேல வரல, தோள்தான் தள்ளுது." "பாயின்ட்டுக்கு ஒரு விரல் மேல இருக்க." "இறங்குறது நல்லா இருக்கு, எடுக்கும்போது வெடுக்குன்னு எடுக்குற." இப்படி மூன்று வரி கிடைத்தால் போதும், அடுத்த ஒரு மாதத்துக்கு வேலை இருக்கிறது.

முதல் வரியைக் கவனியுங்கள். ஷியாட்சுவில் பலத்தைப் போட்டு அழுத்தக் கூடாது, உடம்பைச் சாய்த்து எடையை இறக்க வேண்டும். கை வெறும் தூண்தான். தசையால் தள்ளினால் வாங்குபவரின் உடம்பு அதை எதிர்த்து இறுகும். அதைவிட மோசம், தள்ளுபவரின் கட்டைவிரல் மூட்டு தேயும். கையால் பிழைக்கும் ஒருவருக்கு அது பிழைப்பையே பறிக்கும் காயம். தப்பாகச் சாய்கிறோம் என்பது செய்பவருக்குச் சட்டென்று தெரியாது, வாங்குபவருக்கு முதல் அழுத்தத்திலேயே தெரியும்.

சரி, எப்படிப் பழகுவது?

எளிய வழி ஒன்று இருக்கிறது. அழுத்துபவர் தன் அழுத்தம் பத்துக்கு எத்தனை என்று மனதுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்கிறார். படுத்திருப்பவர் தனக்குத் தோன்றும் எண்ணைச் சொல்கிறார். நீங்கள் 'நாலு' என்று நினைத்தது அவருக்கு 'ஏழு' என்றால், உங்கள் கைக்கு அளவு தெரியவில்லை. இரண்டும் நெருங்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், அதன் மேல் கட்டைவிரலை வைத்துச் சாய்ந்து, ஒரே கிலோவில் முள்ளை நிறுத்திப் பழகலாம். போரடிக்கும். ஆனால் வேலை செய்யும்.

ஒரே ஆளுடன் பழகினால் அந்த ஒரு முதுகுக்குத்தான் கை பழகும். ஒல்லியானவர், கனமானவர், வயதானவர் என்று ஆள் மாற வேண்டும். இடம் மாறி நீங்களும் படுக்க வேண்டும். நல்ல அழுத்தம் எப்படி இருக்கும் என்று தன் உடம்பில் வாங்கிப் பார்க்காதவர் அதை இன்னொருவருக்குக் கொடுப்பது கஷ்டம்.

ஓசூருக்கு இந்த யோசனை புதுசு இல்லை. சுஸூகியுடன் சேர்ந்து பைக் செய்த டிவிஎஸ் மோட்டார், தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை 2002-இல் வாங்கியது. லைனில் நிற்பவர்களே கூடி உட்கார்ந்து குறைகளைப் பேசித் தீர்க்கும் குவாலிட்டி சர்க்கிள் இங்கே பலருக்கும் பரிச்சயம். மசாஜ் அறைக்குள் மட்டும் அது ஏன் நுழையவில்லை?

தமிழ்நாட்டில் இப்படி நடக்கிறதா?

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போய், அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் ஆரோவில் வரும். அங்குள்ள குவைட் ஹீலிங் சென்டரில் 'வாட்சு' கற்றுக்கொடுக்கிறார்கள். தண்ணீரில் செய்யும் ஷியாட்சு இது. மசுனாகா ஷிசுதோவின் ஜென் ஷியாட்சுவைப் படித்த அமெரிக்கர் ஹெரால்டு டல், 1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் வெந்நீர்க் குளம் ஒன்றில் மாணவர்களை மிதக்கவிட்டு உருவாக்கியது. இதைத் தனியாகப் படிக்கவே முடியாது. ஒருவர் மிதக்க வேண்டும், ஒருவர் தாங்க வேண்டும், பிறகு மாறிக்கொள்ள வேண்டும். தாங்குபவரிடம் சின்னப் பதற்றம் இருந்தாலும் மிதப்பவரின் கழுத்தில் தெரிந்துவிடும்.

தப்பாகப் போனால்?

போகும். கழுத்தில் ஷியாட்சு செய்துகொண்ட ஒருவருக்கு விழித்திரை, மூளை ரத்தக்குழாய்களில் அடைப்பு ஏற்பட்டதாக 'ஸ்ட்ரோக்' மருத்துவ இதழில் 2001-இல் ஒரு கேஸ் ரிப்போர்ட் வெளியானது. அரிதுதான். ஆனாலும் கழுத்தின் முன்பக்கம் பழகும் இடம் இல்லை. காலில் ரத்தக்கட்டு, எலும்புத் தேய்மானம், கர்ப்பம், காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது. சக தெரபிஸ்ட்டாகவே இருந்தாலும் படுக்க வைக்கும் முன் இவற்றைக் கேட்டுவிட வேண்டும்.

ஷியாட்சு நோயைத் தீர்க்குமா என்றால், 2011-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, போதுமான தரத்தில் சான்றுகள் இல்லை என்றது. இறுக்கம் தளர்வதற்குப் போங்கள், டிஸ்க் பிரச்சினையைச் சரிசெய்யப் போகாதீர்கள்.

ஜப்பானில் இந்தத் தொழிலுக்கு மூன்று வருடப் படிப்பும் தேசியத் தேர்வும் உண்டு. இந்தியாவில் ஷியாட்சுவுக்கென்று அப்படித் தனி உரிமத் தேர்வு இல்லை. அதனால் இங்கே ஒரு தெரபிஸ்ட்டின் கையைச் சோதிக்கக்கூடிய ஒரே ஆள், பக்கத்து மெத்தையில் வேலை செய்பவர்தான். அவர்கள் இருவருக்கும் நேரம் கிடைப்பது கூட்டமில்லாத வார நாள் மதியங்களில். அந்த ஒரு மணி நேரத்தை வேலை நேரமாக முதலாளி கணக்கில் எடுத்துக்கொள்வாரா? அடுத்த முறை ஸ்பாவுக்குப் போனால், ரேட் கேட்கும்போது இதையும் கேட்டுப் பாருங்கள்: "நீங்க ஒருத்தருக்கொருத்தர் கடைசியா எப்போ பண்ணிப் பாத்தீங்க?"