சொல்ல மொழியற்றவர்க்காக

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், பிரெஞ்சுத் தத்துவப் பேராசிரியர் ழான் பிரான்சுவா லியோத்தார் பாரிஸ் நகரில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவருக்கு வயது 73.

சிறுவயதில் புனித சாமிநாதர் சபைத் துறவியாக விரும்பிய அவர், ஆசிரியரானார். 1950-இல் அல்ஜீரியா நாட்டிற்குக் கற்பிக்கச் சென்றவர், பிரெஞ்சு ஆட்சியில் அம்மக்கள் பட்ட துன்பத்தை நேரில் கண்டார்.

1979-இல் அவர் எழுதிய 'பின்நவீனத்துவ நிலை' உலகப் புகழ் பெற்றது. மனித குலம் முழுவதற்கும் ஒரே பாதை வகுக்கும் பெருங்கதைகளை இக்காலத்தவர் எளிதில் நம்புவதில்லை என்றார். அறிவு வளர்ந்தால் மனிதன் விடுதலை பெறுவான் என்பது அத்தகைய ஒரு கதை. பின்னாளில் நமது மீட்பின் வரலாற்றையும் அவற்றோடு சேர்த்தார். அதில் நாம் அவரோடு உடன்பட இயலாது.

ஆயினும் 1983-இல் அவர் எழுப்பிய கேள்வி நம் மனச்சான்றைத் தொடுகிறது. ஹிட்லரின் நச்சுவாயுக் கூடத்தில் மாண்டவர் எவ்வாறு வந்து சாட்சி சொல்வார்? சாட்சி இல்லையென்றால் குற்றமே நடக்கவில்லை என்றாகுமா? தம் துயரைச் சொல்ல மொழியற்றவர்க்கு மொழி தேடித் தருவதே சிந்திப்போர் கடமை என்றார்.

அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற நூல் எதைப் பற்றியது தெரியுமா? புனித அகுஸ்தினார் தம் பாவங்களை இறைவனிடம் அறிக்கையிட்டதைப் பற்றியது! அவர் மறைந்த ஆண்டிலேயே அது அச்சேறியது. அகுஸ்தினார் பிறந்த ஊரும் இன்றைய அல்ஜீரியாவில்தான் உள்ளது.

பதில் கூற இயலாமல் தலைகுனிந்து நிற்கும் தோழியைக் குற்றவாளி என்று தீர்ப்பிடுமுன், அவளுக்குச் சொல் கிடைக்கும்வரை காத்திருப்போமாக!